தங்கை பெயரில் எழுதிய பரீட்சை

ஐன் எல் ஹம்மாம்
14 அக்டோபர் 1989

உவீஸாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். ஜௌஹர், உன் அக்கா. அம்மாவின் நாற்பதாம் நாளில், சொந்தபந்தம் எல்லாம் குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "ஒரான்ல நீ உக்காந்திருக்கியே தலைமையாசிரியை நாற்காலி, அது என்னோடது" என்று சொன்னவள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சொன்னதற்கு வருத்தப்படுகிறேன் என்று ஆரம்பிக்கலாமென்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் வருத்தம் இல்லை. தட்டைச் சுற்றி ஆட்கள் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது, அது தப்பு. அந்தத் தப்புக்கு மட்டும் மன்னித்துக்கொள்.

ஆகஸ்டில் என் மகள் தௌஸுக்குக் கல்யாணம் முடிந்தது. பெஜாயாவில் இருக்கிறாள். மகன் மொக்ரான் அல்ஜியர்ஸில். அவர்கள் அப்பா பிரான்ஸிலிருந்து சவப்பெட்டியில் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, உனக்குச் செய்தி வந்திருக்கும். வீட்டில் நான் மட்டும்தான். முன்பு பன்னிரண்டு நாளில் தீர்ந்துபோகிற காஸ் சிலிண்டர் இப்போது நாற்பது நாள் வருகிறது. சிலிண்டர் கடைக்காரன், "என்னம்மா, சமைக்கிறதையே விட்டுட்டியா?" என்கிறான். சிரித்துவிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்ததும் அழுதேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பிரசவ ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். போன பிப்ரவரியில் பனி விழுந்து பாதை மூடிக்கொண்டது. மருத்துவச்சி செரீஃபா வர முடியவில்லை. வலியோடு ஒரு பெண்ணைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர யாரும் இல்லை. பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. தாயும் பிள்ளையும் நலம். மறுநாள் செரீஃபா வந்து பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டாள். போட்டுத்தான் ஆகவேண்டும். துடைப்பக்காரி கையெழுத்துப் போட அதில் இடம் கிடையாது. "பண்ணது நீ, பேரு எனக்கு. மனசே கேக்கல ஜௌஹர்" என்றாள். பிறகு அவளேதான் சொன்னாள். வேலையில் இருப்பவர்களுக்கென்று உதவி மருத்துவச்சிப் பயிற்சி இருக்கிறதாம். நடுநிலைப் பள்ளிப் பரீட்சை பாஸாகியிருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது.

எனக்கு நாற்பது. காகிதத்தில் நாற்பத்திரண்டு. ஏனென்று உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் பிறந்து செத்துப்போன ஜௌஹரின் பிறப்புச் சீட்டையே அப்பா எனக்கும் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை மலையிறங்கிப் பதிய அவருக்குச் சோம்பல். அந்தச் சீட்டுதான் அன்றைக்கு எனக்கு ஆரம்பப் பள்ளிப் பரீட்சை எழுத வயது தாண்டிவிட்டது என்று சொன்னது. அதனால்தான் 1963 ஜூனில் உன் சீட்டை எடுத்துக்கொண்டு, உன் பெயரில் நான் போய் எழுதினேன்.

அந்தச் சான்றிதழ் எனக்கு வேண்டும். என் பெயரில் வேண்டும். அது இருந்தால் நேராக நடுநிலைப் பரீட்சைக்குப் படித்து 91 ஜூனில் எழுதிவிடலாம். இல்லாவிட்டால் அடியிலிருந்து ஆரம்பிக்கணும், அதற்குள் காகித வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிடும். கோர்ட்டில் கேட்டேன். எழுதியது நான்தான் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னால் மாற்றித் தருவார்களாம். அன்றைக்கு என்னை எழுத அனுப்பிய ரமதான் வாத்தியார் படுத்த படுக்கைதான், ஆனால் வந்து சொல்கிறேன் என்கிறார். இன்னொரு சாட்சி நீதான். வேறு யாரும் உயிரோடு இல்லை.

ஜௌஹர்


ஒரான்
2 நவம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலனுக்கு இறைவனை வேண்டுகிறேன். தௌஸுக்கு என் வாழ்த்துகளைச் சொல். கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை என்பதை இங்கே குறித்து மட்டும் வைக்கிறேன்.

ஆறு வருஷம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, பள்ளிக்கூட மணி அடித்தபிறகும் வெளியே போகாமல் பிரித்தேன். உள்ளே இருந்தது மனு.

நீ கேட்பதை நிதானமாகப் பார்ப்போம். நாம் படித்தது பிரெஞ்சில். இப்போது கணக்கும் அறிவியலும் அரபியில். உனக்கு வீட்டில் பேசும் கபைல் தெரியும், பிரெஞ்சு தெரியும். அரபியில் தொழுகை தவிர என்ன தெரியும்? இருபத்தாறு வருஷமாகப் புத்தகத்தைத் தொடாத கை. என் பள்ளிக்கூடத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. தேறினாலும் இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கணும். அதன் பிறகு நாற்பத்தைந்தில் உதவி மருத்துவச்சி. சம்பளம் கொஞ்சம் ஏறும். முழங்கால் வலியும் சேர்ந்து ஏறும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று உன்னைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகம் சொல்லும்.

இது உன் பக்கக் கணக்கு. என் பக்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அந்தச் சான்றிதழ்தான் என் பணிக் கோப்பின் முதல் தாள். அதன் மேல்தான் விடுதி, அதன் மேல் ஆசிரியப் பயிற்சி, அதன் மேல் இந்தப் பதவி. முதல் தாள் பொய் என்று நானே கோர்ட்டில் சொன்னால் மேலே உள்ளவை என்ன ஆகும்? கட்டடத்தின் அடிக்கல்லை உருவிக் கொடு, என் வாசல்படிக்கு வேண்டும் என்கிறாய்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்னையும் யாரும் கேட்கவில்லை.

பணம் தேவைப்பட்டால் தயங்காமல் எழுது.

உன் தங்கை
உவீஸா


ஐன் எல் ஹம்மாம்
20 நவம்பர் 1989

உவீஸா,

பணம் தேவைப்பட்டால் எழுதச் சொல்லியிருக்கிறாய். தேவைப்பட்டால் உன்னைக் கேட்பதற்கு முன்னால் சிலிண்டர் கடைக்காரனைக் கேட்பேன். அவன் குறைந்தபட்சம் நான் சாப்பிட்டேனா என்று விசாரிக்கிறான்.

உன்னையும் யாரும் கேட்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பரீட்சை முடிவு வந்து, மாவட்டத்திலேயே முதலிடம் என்று ரமதான் வாத்தியார் தெருவில் கத்திக்கொண்டே வந்தாரே, அன்றிலிருந்து செப்டம்பர் வரை நான்தான் விடுதிக்குப் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் உன்னுடையதாக இருந்தால் என்ன, அங்கே "உவீஸா" என்று கூப்பிட்டால் "ஆஜர்" என்றுவிட்டுப் போகிறேன். விடுதியிலிருந்து ஒரு நம்பர் எழுதி அனுப்பியிருந்தார்கள், சலவைக்கு. நாற்பத்தேழு. அந்த நம்பரைச் சிவப்பு நூலில் என் பாவாடை, சட்டை, துண்டு, படுக்கை விரிப்பு, எல்லாவற்றிலும் தைத்தேன். கோடை முழுக்க அதுதான் வேலை. போவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா உள்ளே வந்து, "ஜௌஹரைப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க, சின்னவ போகட்டும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டும் என் பொண்ணுதானே, யார் போனா என்ன?" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டார்.

அம்மா என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். உனக்கு நீளமாக இருந்த சட்டைக் கைகளை எல்லாம் வெட்டி மடித்துத் தைத்தது நான்தான். நம்பரைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அது உனக்கும் சரியாகவே இருந்தது.

அடிக்கல்லை உருவச் சொன்னேனா? அந்தக் கல்லைச் சுமந்து வந்தது யார் என்று ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். வேண்டாம். அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கே ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு மேல் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன், என் பெயர்.

பதில் எழுத வேண்டாம்.

ஜௌ.


ஒரான்
19 ஜனவரி 1990

அக்கா,

பதில் வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் வேண்டாமலே இருந்து பார்த்தேன். இன்று வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. காவல்காரன் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டான். நேற்று மதியத்திலிருந்து ஒரு மனிதக் குரல் கேட்கவில்லை. அறுநூறு பிள்ளைகள் கத்துகிற இடத்தில் குடியிருக்கிறேன் என்பதால் விடுமுறையில் காது வலிக்கிறது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே, நீ மட்டும் கேட்டதில்லை. அதற்கு நன்றி சொல்லணும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நாற்பத்தேழாம் நம்பர் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது. கைகளை அம்மா வெட்டினாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

உனக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். விடுதிக்குப் போன முதல் வாரம் கணக்கு டீச்சர் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தினாள். "மாவட்டத்திலேயே முதலா வந்தவ இவதான், எல்லாரும் பாருங்க" என்றாள். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு என்னைச் செய்யச் சொன்னாள். எனக்கு அது கணக்கு என்பதே புரியவில்லை. அந்த வருஷம் முழுக்க, "முதலா வந்த கழுதை" என்றுதான் என் பெயர். விரல் முட்டியில் மட்டக்கோலால் அடிப்பார்கள். நீ வாங்கிய மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் நான் அடி வாங்கினேன். வீட்டுக்கு எழுதினால் நீ சிரிப்பாய் என்று எழுதவில்லை. அக்காவாக இருந்தால் இதை ஒரே வாரத்தில் முடித்திருப்பாள் என்று ஒவ்வொரு பாடத்திலும் தோன்றும். இன்றைக்கும், ஆய்வாளர் பள்ளிக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனால், போனபிறகு அதுதான் தோன்றுகிறது.

இதைச் சொல்லி உன்னிடம் எதையும் தள்ளுபடி கேட்கவில்லை.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகங்கள், அரபியில். ஓரத்தில் பென்சிலால் பிரெஞ்சு எழுதியிருக்கிறேன், பார்த்துப் படி. நான் முப்பது வயதில் அரபிக்கு மாறியபோது இப்படித்தான் படித்தேன். சாட்சி பற்றி என்னைக் கேட்காதே.

உவீஸா


ஐன் எல் ஹம்மாம்
11 மார்ச் 1990

தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. ஓரத்துப் பென்சில் எழுத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். உன் அடியை நான் வாங்கியிருக்கலாம், என் மதிப்பெண்ணை நீ வாங்கியிருக்கலாம். அப்பா செய்த வேலை, இரண்டு பேருக்குமே அளவு சரியில்லாத சட்டை. சிரிப்பேன் என்று நினைத்தாயே, அதுதான் வலிக்கிறது. சிரித்துமிருப்பேன். எனக்கு அப்போது அவ்வளவு ஆத்திரம்.

வகுப்பைப் பற்றிக் கேள். பதினோரு பெண்கள். டீச்சர் நஸீமாவுக்கு இருபத்திரண்டு வயது, தௌஸைவிடச் சின்னவள். முதல் நாள் என்னை அடிக்கப் பயந்து, பலகையை அடித்தாள். பெஞ்சுகள் எட்டு வயதுப் பையன்களுக்குச் செய்தவை. உட்காருவது சுலபம், எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கணும். ரொட்டிக் கடைக்காரன் பெண்டாட்டி ஃபெரூஜா சிக்கிக்கொண்டு, "ஐயோ, படிப்பு என்னை விடமாட்டேங்குது!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. ஆலிவ் பறிக்கிற மாதத்தில் ஐந்து பேர்தான் வந்தோம், விரலெல்லாம் கறுப்பு. இப்போது வலமிருந்து இடமாக எழுதுகிறேன். முதலில் கை எழுதியதை அதே கை அழித்தது, இப்போது பரவாயில்லை.

ஜூனில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆரம்பப் பள்ளிப் பரீட்சை எழுதணும். பெயர் பதியப் போனேன். வாசலில் நின்றவன், "அம்மா, பெத்தவங்க எல்லாம் வெளியில நில்லுங்க" என்றான். "நான் பெத்தவ இல்ல, எழுதறவ" என்றேன். அவன் முகத்தை நீ பார்க்கணும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இந்த ஜூனில் தேறினாலும் நடுநிலை முடிக்க 93 ஆகிவிடும். காகிதத்தில் நாற்பத்தாறு. மருத்துவச்சிப் பயிற்சி எனக்கு இல்லை. செரீஃபாவிடமும் சொல்லிவிட்டேன். மொக்ரான் போனில், "அப்புறம் எதுக்கும்மா இந்தக் கூத்து? முழங்காலுக்கு டாக்டரைப் பாரு" என்றான். தப்பாகச் சொல்லவில்லை, பிள்ளைக்கு அக்கறை. பதிவேட்டில் என் கையெழுத்து விழப்போவதில்லை. தரை துடைப்பதற்கு அரபியில் பின்னம் தேவையில்லை.

இருந்தும் போகிறேன். ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், அவனிடம் சொல்ல முடியாது. நஸீமா வருகைப் பதிவு எடுக்கிறாள். "ஜௌஹர்?" என்பாள். "ஆஜர்" என்பேன். போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள், "ரெண்டு நாளா எங்க போனீங்க? கேட்டேன், யாருக்கும் தெரியல" என்றாள். இந்த ஊரில் நான் இல்லை என்பதை எழுதி வைக்கிற ஒரே நோட்டு அதுதான். விடுமுறையில் நான் வீட்டில் செத்துக் கிடந்தால் வெள்ளிக்கிழமை தாண்டும்வரை யாருக்கும் தெரியாது, வகுப்பிருக்கிற நாளென்றால் நாலேகாலுக்குத் தெரியும்.

ஜௌஹர்


ஒரான்
24 ஏப்ரல் 1990

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது.

போன வாரம் காவல்காரனின் மனைவி என் அறைக்கு வந்து நின்றாள். தலைத்துணியின் நுனியை முறுக்கிக்கொண்டே, "இங்க சாயங்காலம் பெரியவங்களுக்கு ஏதாவது வகுப்பு வைப்பீங்களா டீச்சரம்மா?" என்றாள். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. அவள், "சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கதவு மூடியபிறகு என் மேஜையைப் பார்த்தேன். முத்திரை, மணி, கொடி. யார் போனால் என்ன என்று சொல்லிவிட்டுத் தழை வெட்டப் போன மனிதரின் மகள்தான் நான், சந்தேகமே இல்லை.

இத்துடன் ஒரு காகிதம் இருக்கிறது. 1963 ஜூன் பரீட்சையை எழுதியது என் அக்கா ஜௌஹர், நான் அல்ல என்று எழுதி, நகர மன்றத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கியிருக்கிறேன். முத்திரை குத்தியவன் படிக்கவில்லை. படித்திருந்தால் இரண்டு தடவை பார்த்திருப்பான்.

ரமதான் வாத்தியாரின் வாக்குமூலத்தோடு இதைக் கொடுத்தால் போதும், நான் நேரில் வரத் தேவையில்லை என்று விசாரித்துக்கொண்டேன். தீர்ப்பு வந்தால் அதன் நகல் கல்வி அலுவலகத்துக்குப் போகும். பிறகு என்னைக் கூப்பிடுவார்கள்.

கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

உவீஸா


ஐன் எல் ஹம்மாம்
30 மே 1990

உவீஸா,

கொடுத்துவிட்டேன்.

இதை முதல் வரியில் எழுதிவிடணும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். சுற்றி வளைத்தால் நடுவில் பொய் வந்துவிடும்.

உன் காகிதத்தை ஒன்பது நாள் வைத்திருந்தேன். முதல் நாள் அதை வைத்துக்கொண்டு அழுதேன், மனசில் உன் தலைமேல் கைவைத்து ஆயிரம் ஆசீர்வாதம் செய்தேன். கிழித்துவிட்டு, கிழித்த துண்டுகளைக் கவரில் போட்டு உனக்கு அனுப்பணும் என்று நினைத்தேன். அழகாக இருந்திருக்கும். செரீஃபாவிடம் சொன்னேன், அவளும், "கிழிச்சிடு ஜௌஹர், கூடப் பொறந்தவ முக்கியம்" என்றாள். எல்லாருக்கும் அதுதான் சரி என்று தெரிகிறது. நல்ல அக்கா கிழித்துத்தான் போடுவாள்.

நான் நல்ல அக்காவாக இருபத்தேழு வருஷம் இருந்து பார்த்துவிட்டேன், உவீஸா. உனக்கு வெட்டிய சட்டைக் கை, அவருக்குக் கட்டிய மூட்டை, தௌஸுக்குச் சேர்த்த சீர், எல்லாம் சந்தோஷமாகத்தான் செய்தேன். செய்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. இன்னொரு தடவை விட்டுக்கொடுத்தால் எல்லாரும் என்னைப் புகழ்வார்கள். புகழ்ந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள்.

டிஸி நகரத்துக் கோர்ட்டுக்குப் போய் எழுத்தரிடம் நீட்டினேன். சின்னப் பையன்தான், நன்றாகப் படித்தான். "அம்மா, இது கொடுத்தா உங்க தங்கச்சிக்குப் பிரச்சனை வரும். தெரியுமில்ல?" என்றான். "தெரியும்" என்றேன். "அவங்க சம்மதத்தோடதானே?" என்றான். "கையெழுத்து அவளோடதுதான், ஆனா கொண்டுவந்தது நான்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினான்.

தீர்ப்பு நேற்று வந்தது. ரமதான் வாத்தியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீதிபதி கத்திக் கத்திக் கேட்டார். அவர், "பெரியவதான் எழுதினா. தப்புப் பண்ணது நான், அந்தப் புள்ளைங்க இல்ல. எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே மூன்று தடவை திரும்பச் சொன்னார். சான்றிதழ் கையில் இருக்கிறது. ஜௌஹர் என்று இருக்கிறது. அடுத்த ஜூனில் நடுநிலைப் பரீட்சை எழுதலாம், தேறினால் அக்டோபரில் பயிற்சி.

சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம். தூக்கம் வருகிறதா என்று கேட்டால், இல்லை. பாடத்தைத் திறந்தால் உன் பென்சில் எழுத்து ஓரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன்னைக் காலி செய்து எழுதப்போகிற பரீட்சைக்குப் படிக்கிறேன். மன்னித்துக்கொள் என்று எழுத மாட்டேன். தெரிந்து செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது உன்னை ஏமாற்றுவதாகும்.

திட்டியாவது எழுது.

ஜௌஹர்


ஒரான்
22 ஜூலை 1990

அக்கா,

கூப்பிட்டார்கள். ஜூன் கடைசியில் ஆய்வாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். விசாரணை முடியும்வரை தலைமைப் பொறுப்பு இல்லை. கல்வி அலுவலகத்தின் பாடப்புத்தகக் கிடங்கில் உட்கார்ந்து கட்டுகளை எண்ணுகிறேன். குடியிருப்பை ஆகஸ்ட் முடிவதற்குள் காலி செய்யணும். துணைத் தலைமையாசிரியர் நான் இருக்கும்போதே ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துக்கொண்டு போனார்.

உன் கடிதத்துக்குப் பதிலாக நான் ஒன்றை ஒப்புக்கொள்ளணும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது, நீ கிழித்துவிடுவாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன். அதனால்தான் போட்டேன். மனசு லேசாக இருக்கிறது என்று எழுதினேனே, அதனால்தான் லேசாக இருந்தது. கொடுத்த பெருமை எனக்கு, இழப்பு வழக்கம்போல் உனக்கு. நான் இதை அப்போது என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. "கொடுத்துவிட்டேன்" என்ற உன் முதல் வரியைப் படித்தபோதுதான் தெரிந்தது. கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். என் அக்கா இப்படிச் செய்ய மாட்டாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, அறையில் யாரும் இல்லை.

ஆய்வாளர்களில் வயதானவர் கேட்டார்: "அந்தப் பரீட்சைய நீங்க எழுதவே இல்லையா?" இல்லை என்றேன். "அதுக்கப்புறம் எழுதினதெல்லாம்?" எல்லாம் நான்தான் என்றேன். "முதல் படியே இல்லாம எப்படிம்மா மேல ஏறினீங்க?" என்றார். "படிச்சேன்" என்றேன். சொன்னபிறகு அழுதுவிட்டேன், மூன்று ஆண்கள் முன்னால். இருபத்தேழு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. அந்த ஒரு நாளைத் தவிர மீதி எல்லாம் நான் எழுதியது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். வேலை மிஞ்சலாம், பதவி போகும் என்கிறார்கள்.

ஆகஸ்டில் இங்கே வருகிறாயா என்று நீ எழுதுவாய், எழுத வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் ஓர் அறை பார்த்திருக்கிறேன். உன் எதிரில் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி குடித்தால் என் கோபத்தில் பாதி போய்விடும். இன்னும் கொஞ்ச நாள் அதை வைத்திருக்க எனக்கு உரிமை உண்டு. இப்போதைக்கு என்னோடு பேசிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

பாடத்தில் சந்தேகம் இருந்தால் கேட்டு எழுது, பதில் அனுப்புகிறேன். வேறு எதுவும் எழுதாதே. ஜூனில் நீ பெயிலாகிவிட்டால் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

பாஸானால், யோசிக்கிறேன்.

உவீஸா